ஜெனிட்டாவின் மாடுகளுக்கு நான் தண்ணீர் காட்டிய கதை

“அந்த ரூம்ல யாரும் இல்லட்டி, செண்பகா மட்டுந்தான் இருக்கா.”

இதைச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. நான் அறைக்குள் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள், அதில் ஒருத்தி சொன்னாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை அம்மா. ஒருமுறை நான் உள்ளே இருக்கும்போதே ஃபேனை அணைத்துவிட்டுக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட என்னவோ போல இருந்தது. யாராவது வந்து திறப்பார்கள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நானாகப் போய் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. செண்பகா நான்தான். செண்பகவல்லி, கோவில்பட்டி. நீங்கள் கேட்டீர்கள், அதனால் பேசுகிறேன். உங்கள் மகள் ஃபீஸ் கட்டுகிற வரிசையில்தானே நிற்கிறாள்? அது இப்போதைக்கு நகராது, ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள். உட்காருங்கள். அது வேண்டாம், இந்த நாற்காலி. இந்த விசிட்டர் ஹாலில் ஆடாத நாற்காலி இது ஒன்றுதான்.

“இங்க பிள்ளைங்க எதுக்காவது அடிமையாயிடுறாங்களாமே, நிஜமாம்மா?” என்று கேட்டீர்களே, இந்த ஹாஸ்டலில் இருக்கிற இத்தனை பெண்களில் சரியாக என்னிடம் வந்து கேட்டீர்கள் பாருங்கள். என்னுடைய ப்ராஜெக்டே அதுதான். எம்.எஸ்ஸி. உளவியல், கடைசி வருஷம். ‘பல்கலைக்கழக மாணவர்கள் பழக்கங்களுக்கு அடிமையாவதன் மனக் காரணங்கள்.’ இன்று காலையில்தான் வைவா முடிந்தது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். நாம் செய்ததை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்லவேண்டும், அவர் கேள்வி கேட்பார். கொஞ்சம் இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். காலையில் நிறையப் பேசிவிட்டேன் போலிருக்கிறது, தொண்டை கட்டிக்கொண்டது.

வைவா நன்றாக அமைந்தால் கோமதி மேடம் என்னைப் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கோமதி மேடம் என் கைடு. அவரிடம் இந்த வருஷம் இருப்பது ஒரே ஓர் இடம். வேறு எந்த யுனிவர்சிட்டிக்காவது போய் ‘என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கிற வாய் எனக்குக் கிடையாது. இது இல்லையென்றால் ஊரில் அண்ணன் பார்த்து வைத்திருக்கிற தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான். ஒரு மூலையில் கம்ப்யூட்டர். யாரும் என்னோடு பேசத் தேவையில்லாத வேலை என்று அண்ணன் ரொம்பப் பெருமையாகச் சொன்னான்.

முடிவு சாயங்காலம் சொல்வார்கள். அதுவரை அறையில் இருக்கலாம்தான். ஆனால் அறையில் ஜெனிட்டா இருக்கிறாள். நானும் அவளும் பேசிக்கொள்வதில்லை. இன்று காலையிலிருந்துதான். நீங்கள் வெளியாள், நீங்களே கேட்டுவிட்டுத் தப்பு யார்மேல் என்று சொல்லுங்கள்.

அடிமை என்றதும் முதலில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். சிகரெட், குடி, பாக்கு. கோமதி மேடம் சிரித்தார். “லேடீஸ் ஹாஸ்டல்ல போய் அதைக் கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. அது உண்மையாவும் இருக்கும். எது இல்லாம இருக்க முடியலைன்னு பாரு. அதுலதான் மனசு தெரியும்” என்றார்.

பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு காதைக் கொடுத்தேன். எனக்கு அது நன்றாக வரும். பக்கத்தில் நான் நிற்பதே தெரியாமல் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். எம்.காம். ரஷீதா இருக்கிறாள், வாங்கவே போகாத சுடிதார்களாகப் பார்த்து ஆன்லைன் கடைக் கூடையில் போட்டு வைப்பாள். மனசு சரியில்லை என்றால் கூடையைத் திறந்து பார்ப்பாள், சரியாகிவிடுமாம். தமிழ்த் துறை முத்துலெட்சுமி ஃபோனில் தொடர்கதை படிக்கிறவள். கதாநாயகி கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் தன் ஆய்வேட்டைத் தொடப்போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். கதாநாயகிக்கு வாரா வாரம் முகூர்த்தம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

ஜெனிட்டாவுக்குப் பண்ணை.

ஜெனிட்டா என் அறைத்தோழி. எம்.எஸ்ஸி. இயற்பியல். உவரிப் பக்கம் கடற்கரை ஊர். அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். பிறந்ததிலிருந்து அவள் வயலில் கால் வைத்ததே கிடையாது. ஃபோனில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் பண்ணை. கரும்பு, மஞ்சள், மக்காச்சோளம், ஒரு வாத்துக் குளம், கொட்டில் நிறைய மாடுகள். அது ஒரு விளையாட்டு அம்மா. நாற்று நடவேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், பால் கறக்க வேண்டும். விட்டால் பயிர் வாடும், மாடு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். மாடுகளுக்கெல்லாம் அவள் அத்தைமார் பெயரை வைத்திருந்தாள். “இன்னைக்கு அந்தோணியம்மா அத்தை பாலே தர மாட்டேங்கா” என்று காலையில் எழுந்ததும் சொல்வாள். முதல் வாரம் நான் அவர்கள் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் குவாண்டம் பேப்பரில் அரியர். அந்தப் புத்தகத்தைத் திறப்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். உடனே ஃபோனை எடுத்துக் களை பறிப்பாள். நான் கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு ப்ராஜெக்டில் எழுதினேன். பயப்படுகிற வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சுலபமான வேலை ஒன்று கையில் வேண்டும், அதுவும் பார்வைக்கு வேலை மாதிரியே இருக்க வேண்டும், அப்போதுதான் மனசு உறுத்தாது என்று. கோமதி மேடம் அதைப் படித்துவிட்டு, “நல்லா கவனிச்சிருக்க செண்பகா” என்றார். என் பெயரைச் சொல்லி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

பிறகுதான் அடைக்கலம் யோசனை வந்தது. என்னுடைய யோசனைதான். பழக்கத்தை ஏன் விட முடியவில்லை? கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது. அப்படியானால் வேறொருத்தி கையில் கொடுத்துவிடு. செமஸ்டர் பரீட்சை முடிகிறவரை ஒருத்தியின் பழக்கத்தை இன்னொருத்தி அடைக்கலமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். ஒரே ஒரு விதி. கொடுத்தவள் பிறகு வந்து என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது. அழுதாலும் சரி, சத்தம் போட்டாலும் சரி, எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் சரி. பழக்கம்தான் அவள் வாயில் இருந்து பேசுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேடம் உடனே சரி என்று சொல்லிவிட்டார். ரஷீதாவின் கூடை முத்துலெட்சுமிக்கு, முத்துலெட்சுமியின் தொடர்கதை ரஷீதாவுக்கு, ஜெனிட்டாவின் பண்ணை எனக்கு. இன்னும் சில ஜோடிகள் உண்டு, அவர்களெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை.

“உன்னோடத யார்கிட்டக் குடுக்கப் போற?” என்று ரஷீதா என்னைக் கேட்டாள்.

என்னிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்குப் பழக்கம் என்று எதுவுமே கிடையாது அம்மா. டீகூடக் குடிக்க மாட்டேன்.

கொடுக்கிற அன்று ஜெனிட்டா பண்ணையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என் ஃபோனில் ஏற்றித் தந்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஏட்டி, நான் தொடல. சத்தியமாத் தொடல. ஆனா மாடு என்ன பாவம் செஞ்சிச்சு? ரெண்டு வேளை தண்ணி மட்டும் காட்டிரு.”

“அது படம், ஜெனி.”

“படம்னாலும் மூஞ்சி வாடும்ட்டி. அந்தோணியம்மா அத்தை அங்க மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கான்னு தெரிஞ்சா எனக்கு இங்க குவாண்டம் ஏறுமா?”

அதில் ஒரு நியாயம் இருந்தது. குற்ற உணர்ச்சி வந்தால் பழக்கம் திரும்பவும் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அதனால் தண்ணீர் காட்டச் சம்மதித்தேன். முழுக்க முழுக்க ஆய்வின் நன்மைக்காகத்தான்.

தண்ணீர் மட்டும்தான் காட்டினேன். ஆனால் தண்ணீர் காட்டினால் மாடு பால் கொடுக்கும், கறக்காமல் எப்படி விடுவது? கறந்த பாலை விற்காமல் விட்டால் கெட்டுப்போகும். விற்றதில் வருகிற விதையைச் சும்மா வைத்துக்கொண்டு என்ன செய்ய? நடத்தான் வேண்டும். எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வருவதுதான், நானாக எதையும் ஆரம்பிக்கவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு சங்கம் இருந்தது. முப்பது நாற்பது பேர், எங்கெங்கோ இருக்கிறவர்கள், சேர்ந்து பயிர் வைத்து மற்ற சங்கங்களோடு போட்டி போடுவார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது, பெயரெல்லாம் சேலம் சிங்கம், மலேசியா மாமி, வெட்டி ஆபீசர் என்று இருக்கும். ஜெனிட்டா அவர்களோடு பேசவே மாட்டாள், தன் மாடு உண்டு தான் உண்டு என்று இருந்திருக்கிறாள். ஒருநாள் சேலம் சிங்கம் கேட்டார், “இந்த வாரம் என்ன போடலாம் மக்களே?” எல்லாரும் கரும்பு என்றார்கள். நான் சும்மா கவனித்துக்கொண்டு வந்ததில், எல்லாரும் கரும்பு போடுகிற வாரம் கரும்பு விலை விழுந்துவிடும் என்று தெரிந்து வைத்திருந்தேன். “பாதிப் பேர் மஞ்சள் போடுங்கள்” என்று எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். அனுப்பிவிட்டு ஃபோனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

வந்து பார்த்தால் பாதிப் பேர் மஞ்சள் போட்டிருந்தார்கள் அம்மா. அந்த வாரம் எங்களுக்கு முதல் பரிசு. “ஜெனி இல்லேன்னா நாம இல்லை” என்று வெட்டி ஆபீசர் எழுதியிருந்தார். அங்கே எனக்கு ஜெனிட்டாவின் பெயர்தானே. மலேசியா மாமி ஏழெட்டுப் பூ அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள்.

காலேஜ், யுனிவர்சிட்டி என்று ஐந்து வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வருகைப் பதிவுக்கு ‘யெஸ் மேடம்’ சொல்வதைத் தவிர வாயைத் திறந்ததில்லை. அதையும் பல நாள் பக்கத்தில் இருக்கிறவள் எனக்காகச் சொல்லிவிடுவாள், என் குரல் எட்டாது என்று. அங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் சேலத்தில் மஞ்சள் முளைக்கிறது, மலேசியாவில் மஞ்சள் முளைக்கிறது.

இதெல்லாம் ஜெனிட்டாவைப் புரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா? யாரும் கவனிக்காத பிள்ளைகள்தான் தங்களைக் கவனிக்கிற இடத்தைத் தேடிப் போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ப்ராஜெக்டில் அவளைப் பற்றி அப்படித்தான் எழுதினேன். ஜெனிட்டாவை இங்கே எல்லாரும் கவனிப்பார்கள்தான், அவள் படியிறங்கினாலே நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனாலும் உள்ளுக்குள் ஏதாவது இருக்கும்.

“செண்பகா, நாலாவது அத்தியாயம் எங்கே?” என்று மேடம் கேட்டார்.

“கள ஆய்வு போய்க்கிட்டு இருக்கு மேடம்.”

பொய்யில்லை. உள்ளே இருந்துகொண்டே கவனிப்பது என்று ஒரு முறை உண்டு. பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஜெனிட்டாவைப் பாருங்கள். முதலில் கொஞ்ச நாள் என் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “அத்தை நல்லா இருக்காளா?” என்பாள். “நல்லா இருக்காங்க” என்பேன், காட்ட மாட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் துணிகளையெல்லாம் மடித்து அடுக்கினாள். மடிக்கத் துணி தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் குவாண்டம் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு கணக்கு வந்துவிட்டது. “ஏட்டி, வந்துட்டுட்டி!” என்று கத்தினாள், மேல்மாடியில் இருந்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். பிறகு சாயங்காலம் த்ரோபால் ஆடப் போனாள். லைப்ரரியில் நாலு பேரோடு உட்கார்ந்து படித்தாள். மாடுகளைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

நானாகத்தான் ஒருநாள் சொன்னேன். “அந்தோணியம்மாவுக்குக் கன்னுக்குட்டி பொறந்திருக்கு.”

“அய்யோ யேசுவே, அத்தைக்கு அறுவது வயசாவுதுட்டி!” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு மாடு ஞாபகமே இல்லை. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு ஆசையாக வளர்த்தது. ‘பற்று குறைதல், பொறுப்பைக் கைவிடுதல்’ என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

சண்டை ஆரம்பித்தது மெஸ்ஸில். நான் தண்ணீர் ஜக்கில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, மோருக்கு மேல சாம்பாரை ஊத்துத.”

“தெரியும்.”

“அப்படி என்னத்தப் பாக்குத?”

“உன் பண்ணையத்தான்.”

“எனக்குப் பண்ணை வேண்டாம்ட்டி. மூடிப் போட்டுரு.”

“முடியாது.”

“ஏன் முடியாது? என்னோடதுதான?”

“விதி. குடுத்தவ என்ன சொன்னாலும் கேக்கக் கூடாது. இப்ப நீ மூடச் சொல்றியே, அதுவே உன் மனசு இன்னும் பண்ணையை நினைக்குதுங்கறதுக்கு அடையாளம்.”

“நான் நினைக்கவே இல்லையே!”

“நினைக்கலைன்னு சொல்றதும் ஒரு அடையாளந்தான்.”

ஜெனிட்டா வாயைத் திறந்தபடி ரஷீதாவைப் பார்த்தாள். ரஷீதா அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, “டாக்டர் பட்டத்த இவளுக்கு இப்பவே குடுத்து அனுப்பிரலாம். பரீட்சையே வேண்டாம்” என்றாள். அந்த மேஜை முழுக்கச் சிரிப்பு. ரஷீதா பேசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைக்கலம் வாங்கிய தொடர்கதையில் ரெண்டு அத்தியாயம் படித்துவிட்டு, “இதுல ஒருத்திக்கும் மூளை இல்லை” என்று அதைத் திறப்பதையே விட்டுவிட்டவள். ஒப்படைத்த பொருளைக் கவனிக்கிற பொறுப்பு அவளுக்குக் கிடையாது.

அம்மா, உங்கள் ஃபோனில் நெட் இருக்கிறதா? ஒன்றுமில்லை, சங்கத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. என் ஃபோனில் இப்போது அது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். பரவாயில்லை, பட்டன் ஃபோனா, சரி, சரி. நான் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன், அது வேறு விஷயம். சொல்லாமல் வந்தது மட்டும்தான் உறுத்துகிறது.

இன்று காலைதான் அறுவடைத் திருவிழாவின் கடைசி நேரம். விளையாட்டில்தான். எங்கள் சங்கம் இரண்டாவது இடத்தில் நிற்கிறது. கடைசிச் சுமை மஞ்சளைத் தலைவி கையால்தான் அனுப்ப முடியும். அதே நேரத்தில்தான் வைவா. “காலையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது” என்று சங்கத்தில் எழுதினேன். வெட்டி ஆபீசர் அழுகிற முகமாக வரிசையாகப் போட்டு, “தலைவி, எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்க” என்று எழுதினார். எங்கள் வீட்டில் பஸ் ஏற்றிவிடும்போது ‘பார்த்துப் போ’ என்பார்கள். போகாதே என்று என்னை யாரும் சொன்னதில்லை.

ஜெனிட்டா எனக்குச் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். நாலாவது அத்தியாயம் நான் துண்டு துண்டாக எழுதி வைத்திருந்தது. அதை உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தது அவள்தான். குவாண்டம் பேப்பர் முடிந்த கையோடு. இன்று கட்டிக்கொள்ளத் தன் நீலப் புடவையைக் கொடுத்து, கீழே உட்கார்ந்து கொசுவத்தை இழுத்துவிட்டதும் அவள்தான். “ஃபோன இங்க வச்சிட்டுப் போட்டி” என்றாள். “நேரம் பாக்கணும்” என்றேன். இவ்வளவு செய்தவள் அப்படிச் செய்தாளே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

செமினார் ஹால் நிறைய ஆட்கள். முன்வரிசையில் கோமதி மேடமும் வெளியூர்ப் பேராசிரியரும். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற மனிதர். ஜெனிட்டா கடைசி பெஞ்சில் இருந்தாள். பழக்கத்தை விட்டவளுக்கு உதாரணமாக அவளைக் காட்டுவதாக ஏற்பாடு. நான் ஃபோனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். மைக் எங்கோ இருந்தது, நான் எங்கோ இருந்தேன். “கொஞ்சம் சத்தமா, கொஞ்சம் சத்தமா” என்று பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எப்படியோ சொல்லி முடித்தேன். கொடுத்தவர்கள் எல்லாரும் பழக்கத்தை விட்டுவிட்டார்கள், ஜெனிட்டா அரியரை முடித்துவிட்டாள். கோமதி மேடம் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்தது, நான் பார்த்தேன்.

அந்தப் பேராசிரியர் ஒன்று கேட்டார். “குடுத்தவங்க விட்டுட்டாங்க, நல்லது. வாங்கி வச்சிருந்தவங்க என்ன ஆனாங்க?”

யாருக்கு அம்மா தோன்றும் இப்படிக் கேட்க?

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகல சார். அவங்களுக்கு அதுல சொந்த ஆசை கிடையாது சார்.”

“அது எப்படித் தெரியும்?”

“நானே ஒருத்தி சார்.”

அப்போதுதான் மாடு கத்தியது.

நேரமாகிறது என்றால் அது கத்தும். அவ்வளவு நேரம் நான் பேசியது மைக்கில் ஏறவில்லை, அது ஏறிவிட்டது. ‘ம்மா’ என்று ஹால் முழுக்க. முதலில் யாரும் சிரிக்கவில்லை. கோமதி மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் கேம்பஸுக்குள் மாடு வருவது உண்டு. இரண்டாவது தடவை கத்தியது.

“மன்னிக்கணும் சார்” என்றேன். “அந்தோணியம்மா.”

“யாரு?”

“ஒரே நிமிஷம் சார், சுமை ஏத்திட்டு வந்துடுறேன்.”

ஹாலே வெடித்துச் சிரித்தது. எனக்கு அது காதில் விழவில்லை, நான் ஃபோனை எடுத்துவிட்டேன். மஞ்சள் மூட்டை பாதி ஏறியிருந்தது. நிமிர்ந்தபோது பேராசிரியர் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி மேடம் பார்க்கவில்லை. கையில் இருந்த பேனாவை மூடினார். அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. ஃபோனையும் வைக்க முடியவில்லை, பேசவும் வரவில்லை, அப்படியே நின்றேன்.

கடைசி பெஞ்சில் இருந்து ஜெனிட்டா எழுந்தாள். ஓடிக்கூட வரவில்லை, கோயிலில் நடக்கிற மாதிரி நடந்து வந்தாள். “சார், மேடம், மன்னிக்கணும். பண்ணை என்னோடது” என்றாள். என் கையில் இருந்து ஃபோனை வாங்கினாள். நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன், விரல் விரலாக எடுத்துவிட்டு வாங்கினாள்.

“விதி, ஜெனி” என்றேன்.

“தெரியும்ட்டி” என்றாள்.

மஞ்சளை அனுப்பினாள். அதை அனுப்பிவிட்டுத்தான் செய்தாள், அந்த அளவுக்கு மனசு இருந்தது. தலைவி பதவியை வெட்டி ஆபீசருக்கு மாற்றிக் கொடுத்தாள். கொட்டிலைத் திறந்து மாடுகளை ஒவ்வொன்றாக மலேசியா மாமிக்கு ஓட்டிவிட்டாள், அந்தோணியம்மாவைக் கன்றோடு. பிறகு பண்ணையை அழித்தாள். அந்த விளையாட்டையே ஃபோனில் இருந்து எடுத்தாள். என் கண் முன்னால்.

இப்போது சொல்லுங்கள், தப்பு யார்மேல்? இருங்கள், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஃபோனை அவள் என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மைக்கைப் பிடித்து இழுத்து, என் உயரத்துக்கு வளைத்து, என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊதிப் பார்த்தாள். பேராசிரியர் பக்கம் திரும்பி, “சார், அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேளுங்க” என்றாள். பிறகு கடைசி பெஞ்சுக்குத் திரும்பிப் போகாமல், முதல் வரிசையில் கோமதி மேடத்துக்குப் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை இழுத்து, எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.